நாய்க்குத் திடீர் வலிப்பு: காரணத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: "எங்கள் ஷிட்சூ லட்டுவுக்கு நான்கு வயது, எடை 6 கிலோ. சனிக்கிழமை இரவு 11 மணிவாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவன் திடீரென விறைத்து, ஒருக்களித்தபடி நான்கு கால்களையும் உதைத்தான். வாயில் நுரை வந்தது, சிறுநீரும் போய்விட்டது. ஒன்றரை நிமிடம் இருக்கும். அப்புறம் அரை மணி நேரம் எங்களையே அடையாளம் தெரியாதவன் போல வீட்டைச் சுற்றினான். மறுநாள் மருத்துவர் பரிசோதித்து, ரத்தமும் எடுத்துப் பார்த்து, 'எல்லாம் சரியாக இருக்கிறது, கவனித்து வாருங்கள்' என்று அனுப்பிவிட்டார். அன்று வீட்டில் பிறந்தநாள் விருந்து, சாக்லேட் கேக் தின்றிருக்கலாம். ஐந்து நாளுக்கு முன் உண்ணி மாத்திரை கொடுத்தோம். குரைப்பதாக அடிக்கடி புகார் சொல்லும் கீழ்வீட்டுக்காரர் மேலும் சந்தேகம் இருக்கிறது. இது காக்காய் வலிப்பா, விஷமா, மாத்திரையா? எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா? தீபாவளிக்கு மலாக்கா போகிறோம், அவனை நாய் விடுதியில் விடலாமா?"

நான் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு விலங்கு மருத்துவமனையில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த தாதி. வலிப்பு வந்த நாய்களைப் பெரும்பாலும் இரவில்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதால், இந்தக் கேள்வியை நிறையக் கேட்டிருக்கிறேன். மருந்து, அளவு எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான். காரணத்தை எப்படித் தேடுவார்கள், அதில் உங்கள் பங்கு என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

"கவனித்து வாருங்கள்" என்றதை மருத்துவர் கைவிரித்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டது போலத் தெரிகிறது. அப்படி இல்லை. வலிப்புக்குக் காரணம் தேடுவதில் பாதி வேலை, நடந்ததைத் துல்லியமாகச் சொல்வதில்தான் இருக்கிறது. வயது என்ன, அதற்கு முந்தைய மணி நேரங்களில் என்ன நடந்தது, எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது, இரண்டு வலிப்புக்கு நடுவில் நாய் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அந்த விவரம் காட்டும் திசையில் போக வேண்டியவை. விவரம் இல்லாமல் நேராக இயந்திரத்துக்குப் போனால் பணம்தான் செலவாகும்.

முதல் கேள்வி, அது வலிப்புதானா என்பது. லட்டு விஷயத்தில் எனக்கு அதிகச் சந்தேகம் இல்லை. ஓய்வாக இருக்கும்போதோ தூக்கத்திலோ ஆரம்பித்தது, உடம்பு விறைத்துத் தாளகதியில் உதைத்தது, நுரை, சிறுநீர், ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றது, அதன்பின் நெடுநேரக் குழப்பம் எல்லாம் அப்படியே பொருந்துகின்றன. முக்கியமாக அந்தக் கடைசி அரை மணி நேரம். வலிப்பு முடிந்தபின் நாய் சுவரில் முட்டும், கண் தெரியாதது போல நடக்கும், அகோரப் பசியோடு தின்னும், இலக்கில்லாமல் வட்டமிடும். சில நாய்களுக்கு இது சில நிமிடம், சிலவற்றுக்கு ஒரு நாள்கூட நீளும்.

இதயக் கோளாறால் வரும் மயக்கம் வேறு மாதிரி. வாசல் மணி அடித்ததும் குதித்தோடும்போது, இருமும்போது, மாடிப்படி ஏறும்போது நாய் சட்டெனச் சரியும். பெரும்பாலும் உடம்பு துவண்டிருக்கும். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். சில விநாடிகளில் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல வாலாட்டும். மயக்கத்திலும் கொஞ்சம் விறைப்பு வரலாம், சிறுநீர் போகலாம், அதனால் பலர் ஏமாந்துபோவார்கள். வயதான ஷிட்சூ, மால்டீஸ், பூடில், கவலியர் போன்ற சின்ன நாய்களுக்கு இதய வால்வு தளர்வது சகஜம். மினியேச்சர் ஷ்னாசருக்கு இதயத் துடிப்பை நடத்தும் கணுவே தடுமாறும் நோய் வருவதுண்டு. இவற்றில் தேட வேண்டிய இடம் இதயம். மூளையை ஸ்கேன் பண்ணி ஒன்றும் கிடைக்காது.

தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் இடவலமாக ஆடி, நிற்க முடியாமல் விழும் கிழநாய்க்குப் பெரும்பாலும் உட்காதின் சமநிலை உறுப்பில்தான் கோளாறு. அப்போது அதற்கு நினைவு இருக்கும், கூப்பிட்டால் தெரியும். புல்டாக், பாக்ஸர், டாபர்மேன் இனங்களுக்குத் தலை மட்டும் ஆடும் ஒரு நடுக்கம் உண்டு, தின்பண்டத்தை நீட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். கனவில் கால் உதைப்பதைத் தட்டி எழுப்பிவிடலாம், வலிப்பை அப்படி எழுப்ப முடியாது.

சரி, வலிப்பு என்றே வைத்துக்கொள்வோம். காரணங்கள் மூன்று வகையில் அடங்கும். மூளை நன்றாக இருக்க, உடம்பில் ஏதோ மாறி அல்லது ஏதோ விஷம் ஏறி மூளையைக் கலைப்பது ஒன்று. மூளையிலேயே கட்டி, அழற்சி, அடி, பிறவி நீர்த்தேக்கம் மாதிரி ஏதாவது இருப்பது இன்னொன்று. இரண்டும் இல்லாமல், பரம்பரைச் சாயலோடு வரும் வலிப்பு நோய் மூன்றாவது. நாம் காக்காய் வலிப்பு என்று சொல்வது இதைத்தான். மூன்றாவதை நேரடியாக நிரூபிக்க ஒரு பரிசோதனையும் கிடையாது. முதல் இரண்டையும் விலக்கி விலக்கித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இதில் வயது நல்ல வழிகாட்டி. ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் சர்க்கரை இறங்குவது, கல்லீரலில் பிறவி ரத்தக்குழாய்க் கோளாறு, சிவாவாவுக்கு மூளை நீர்த்தேக்கம், தடுப்பூசி போடாத குட்டி என்றால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பரம்பரை வலிப்பு முன்வரிசையில் நிற்கும். ஏழெட்டு வயதுக்கு மேல் முதல்முறை வந்தால் மூளைக் கட்டியையும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டியையும் கட்டாயம் நினைக்க வேண்டும். கிழநாய்க்கு முதல் வலிப்பு வந்து "காக்காய் வலிப்புதான், மாத்திரை போடுங்கள்" என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகவே கேட்கலாம்.

லட்டுவுக்கு நான்கு. நல்ல வயதுதான். ஆனாலும் முதல் வகையை விட்டுவிட முடியாது, ஏனென்றால் அன்று வீட்டில் விருந்து.

சாக்லேட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அதில் இருக்கும் தியோபுரோமின்தான் நாய்க்கு ஆகாதது. எடையில் கிலோவுக்குச் சுமார் 60 மில்லிகிராம் போனால் வலிப்பு வரலாம் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு. லட்டுவுக்கு அது 360 மில்லிகிராம். கறுப்புச் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் இருக்கும், பால் சாக்லேட்டில் 2 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது அவன் 70 கிராம் கறுப்புச் சாக்லேட்டை முழுசாக விழுங்கியிருக்க வேண்டும். கேக் என்பது மாவும் சர்க்கரையும் கிரீமும் கலந்தது, ஒரு துண்டில் அவ்வளவு சாக்லேட் இருக்காது. மேலும் சாக்லேட் விஷம் வலிப்போடு ஆரம்பிக்காது. அதற்கு முன் வாந்தி, தாகம், நிலைகொள்ளாமல் ஓடுவது, படபடவென்று அடிக்கும் இதயம் எல்லாம் வரும். அவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான் என்கிறீர்கள். கேக்கை விட்டுவிடலாம்.

ஆனால் அந்தக் கேக் சர்க்கரை நோயாளிகளுக்கென்று செய்ததா என்று மட்டும் பாருங்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி மனிதருக்குச் சாது, நாய்க்கு எமன். கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இன்சுலின் பாய்ந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை விழும். அளவு கூடினால் கல்லீரலும் போகும். சிங்கப்பூரில் சூயிங்கம் விற்பனை 1992 முதல் தடையில் இருப்பதால், மற்ற நாடுகளில் நாய்கள் சூயிங்கம் தின்று விழும் கதை இங்கே குறைவு. ஆனால் மருந்தகத்தில் கிடைக்கும் பல் பராமரிப்புச் சூயிங்கம், சர்க்கரையில்லா மிட்டாய், சில பற்பசைகள், சில வேர்க்கடலை வெண்ணெய் இவற்றில் இருக்கும். பொட்டலத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்.

நம் வீடுகளில் இன்னொன்று பாட்டி தாத்தாவின் மாத்திரை டப்பா. கிளிபிஸைடு, கிளிக்லஸைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்று தரையில் உருண்டாலே சின்ன நாய்க்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கலாம். டிராமடோல் போன்ற வலி மாத்திரை, மன அழுத்த மாத்திரை, காசநோய்க்குத் தரும் ஐசோநயசிட் எல்லாமே நாய்க்கு வலிப்பைக் கொண்டுவரக்கூடியவை. அன்று வந்த விருந்தினர்களின் கைப்பைகள் தரையில் இருந்தனவா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பூஜை அலமாரி. இதை எந்த வெளிநாட்டு நாய்ப் புத்தகமும் எழுதாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். குழந்தைகளுக்கு அப்படி வந்து அவசரப் பிரிவுக்கு ஓடியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், நாய்க்கும் அதேதான். கட்டி கீழே விழுந்திருந்தால் சின்ன நாய் கடித்துப் பார்க்கும். மூச்சிலேயே வாசம் தெரியும். துணி அலமாரி அந்துருண்டையும் இதே ரகம். கற்பூரம் சேர்ந்த தைலங்களை நாயின் நெஞ்சில் தேய்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், நக்கினால் உள்ளேதான் போகும்.

வெளியே என்றால் செடிகள். நம் புளோக்குகளின் கீழேயும் கொண்டோ தோட்டங்களிலும் அழகுக்கு வைக்கும் சைகஸ், அதாவது சின்னப் பனை மாதிரி இருப்பது, அதன் விதை கல்லீரலைக் கெடுத்து வலிப்பு வரை இழுக்கும். பூ மலர்ந்தபோது ஊதாவாகவும் பின்னர் வெளுத்து வெள்ளையாகவும் மாறும் புரூன்ஃபெல்சியா நேரடியாகவே நாய்க்கு வலிப்பு தரும். அரளி இதயத் துடிப்பைக் கலைத்து நாயைச் சாய்க்கும், பார்ப்பவருக்கு வலிப்பு போலத் தெரியும். மழை இரவில் நடைபாதையில் குந்தியிருக்கும் தேரையை வாயில் கவ்வினால் நுரை கொட்டும். கடற்கரையில் விளையாடும்போது கடல்நீரை நிறையக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரும். இதனால்தான், விஷம் தின்ற நாய்க்கு உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழைய கைவைத்தியம் ஆபத்து.

இப்போது கீழ்வீட்டுக்காரர். விஷம் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு ஒன்றரை நிமிட வலிப்போடு முடியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, எச்சில், உடம்பெல்லாம் நடுக்கம் என்று ஆரம்பித்து, மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். உடம்பு கொதிக்கும். நத்தையைக் கொல்ல வைக்கும் மருந்தும், குப்பையில் பூஞ்சை பிடித்த உணவும் இப்படித்தான். வழக்கமான எலிப்பாஷாணங்களில் பல ரத்தம் உறைவதைத் தடுப்பவை, அவற்றுக்கு முதல் அடையாளம் சில நாள் கழித்து வரும் ரத்தக்கசிவு. லட்டு அரை மணியில் தெளிந்து, மறுநாள் ரத்தமும் சுத்தமாக வந்திருக்கிறது. அவரைச் சந்தேகிக்க இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உண்மையிலேயே தடயம் கிடைத்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு மருத்துவச் சேவையிடம் புகார் கொடுக்கலாம். மின்தூக்கியில் பார்த்து முறைக்க வேண்டாம். கொசுப் புகையையும் சிலர் குற்றம் சொல்வார்கள். அதிலிருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து பூனைக்கும் மீனுக்கும்தான் பெரும் ஆபத்து, நாய் ஓரளவு தாங்கும்.

உண்ணி மாத்திரை சந்தேகம் மட்டும் நியாயமானது. நெக்ஸ்கார்ட், பிராவெக்டோ, சிம்பாரிகா போன்றவை ஐசோக்ஸசோலின் என்ற ஒரே குடும்பம். இந்தக் குடும்ப மருந்துகள் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 செப்டம்பரில் எச்சரித்தது. முன்பு வலிப்பே வராத நாய்களுக்கும் வந்திருக்கிறது. மருந்தைத் தடை செய்யவில்லை, பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானது என்றே சொன்னது. மாதம் ஒருமுறை தரும் மாத்திரை மாதம் முழுக்க உடம்பில் இருப்பதால் ஐந்தாம் நாள் வலிப்பை அதனோடு முடிச்சுப் போடவும் முடியாது, போடாமல் விடவும் முடியாது. லட்டு இதே மாத்திரையை எத்தனை மாதமாகத் தின்கிறான், அல்லது புதிதாக மாற்றினீர்களா என்பதைக் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். என் அபிப்பிராயம், அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் வேறு குடும்பத்து மருந்துக்கோ கழுத்துப்பட்டைக்கோ மாறலாமா என்று கேட்பது. உண்ணி மருந்தையே விட்டுவிடாதீர்கள். இந்த ஊர் வெக்கைக்கு உண்ணி வருடம் முழுக்க இருக்கும், அது பரப்பும் எர்லிக்கியாவும் பாபேசியாவும் இங்கே உள்ள நோய்கள்தான்.

வெயில் தாக்கு உங்களுக்குப் பொருந்தாது, இரவு 11 மணி, வீட்டுக்குள். மத்தியான நடைக்குப் பிறகு இளைத்து, ஈறு சிவந்து, தள்ளாடி, அப்புறம் வலிப்பு என்ற வரிசையில் நடந்தால் அதுதான். பக், பிரெஞ்ச் புல்டாக் வைத்திருப்பவர்கள் மனதில் வைக்கவும்.

ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதன் பொருளையும் கொஞ்சம் அளந்து பார்க்க வேண்டும். சிறுநீரகம், கால்சியம், சோடியம், ரத்த அணுக்கள் எல்லாம் மறுநாள் பார்த்தாலும் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும். சர்க்கரை அப்படி இல்லை. இரவு விழுந்து காலைக்குள் தானே ஏறியிருக்கலாம். அதனால்தான் வலிப்போடு வரும் நாய்க்கு நாங்கள் வாசலிலேயே சர்க்கரை பார்ப்போம். கல்லீரல் நொதிகள் சாதாரணமாக இருப்பதும் கல்லீரல் தன் வேலையைச் செய்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய்விடும் பிறவிக் கோளாறு ஷிட்சூ, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சின்ன இனங்களில் வரக்கூடியது. வடிகட்டாத அம்மோனியா மூளைக்குப் போய்க் கலைக்கும். சாப்பிட்ட பின் மந்தமாகிறானா, சுவரோரமாக வெறித்து நிற்கிறானா, இனத்துக்கு மிகவும் சின்னதாக வளர்ந்தவனா என்று யோசியுங்கள். இதற்குத் தனியாகப் பித்த அமிலப் பரிசோதனை உண்டு. வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். அன்று நடந்தது விருந்து இரவு என்பதால், உங்கள் இடத்தில் இருந்தால் நான் அடுத்துக் கேட்கும் பரிசோதனை இதுதான். எம்ஆர்ஐ செலவில் சிறு பங்குதான் ஆகும். சிறுநீர் பார்க்கவில்லை என்றால் அதையும், ரத்த அழுத்தத்தையும் கூடவே கேளுங்கள்.

எம்ஆர்ஐ. சிங்கப்பூரில் விலங்குகளுக்கு எம்ஆர்ஐ வசதி இருக்கிறது, சில ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும், முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள், தேவைப்பட்டால் அதே மயக்கத்தில் முதுகுத்தண்டு நீரும் எடுப்பார்கள். எப்போது எடுக்க வேண்டும் என்பதில் நாய் வலிப்பு ஆய்வாளர்களின் சர்வதேசக் குழு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டல் தெளிவாக இருக்கிறது. முதல் வலிப்பு ஆறு மாதத்துக்கு முன்போ ஆறு வயதுக்குப் பின்போ வந்தால், வலிப்பு இல்லாத நேரத்திலும் நரம்புப் பரிசோதனையில் குறை தெரிந்தால், முதல் தடவையே ஐந்து நிமிடத்தைத் தாண்டியோ ஒரே நாளில் பலமுறையோ வந்தால், மாத்திரைக்கு அடங்காவிட்டால். லட்டு இதில் எதிலும் இப்போது இல்லை. எனவே இன்றைக்கு எம்ஆர்ஐ வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒரே ஒரு நிபந்தனை, அந்த நரம்புப் பரிசோதனை. வலிப்பு முடிந்த மறுநாள் பார்த்தது முழுசாக நம்பத்தக்கது இல்லை. அப்போது கண் சரியாகத் தெரியாது, கால் தள்ளாடும், அதெல்லாம் வலிப்பின் மிச்சமாக இருக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களும் கவனியுங்கள். எப்போதும் ஒரே பக்கம் வட்டமிடுகிறானா, தட்டில் ஒரு பாதி உணவை விட்டுவிடுகிறானா, ஒரு பக்கமிருந்து கை வந்தால் மட்டும் கண் சிமிட்டாமல் இருக்கிறானா, பழகிய கதவில் இடிக்கிறானா, குணம் மாறியிருக்கிறதா? இதில் ஏதாவது இருந்தால் நான் மேலே சொன்ன எல்லாமே மாறும். மால்டீஸ், பக், சிவாவா, ஷிட்சூ போன்ற சின்ன இனங்களுக்கு, கிருமி இல்லாமலே மூளையும் மூளையுறையும் வீங்கும் அழற்சி நோய் இளவயதிலும் நடுவயதிலும் வரும். அதற்கு மருந்து வேறு, அவசரமும் வேறு. யாராவது "சும்மா ஒரு ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போம்" என்றால், ஸ்கேன் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் போடலாமா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு படத்தையும் முதுகுத்தண்டு நீரையும் மாற்றிக் காட்டிவிடும்.

வெளிநாட்டிலிருந்து அண்மையில் வந்த நாய் என்றால் ரேபிஸையும் யோசிக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூர் 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடு. இங்கேயே வளர்ந்த லட்டுவுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆக, காக்காய் வலிப்பா? இன்னும் இல்லை. ஒரு வலிப்பை வைத்து அந்தப் பெயர் வைக்கமாட்டார்கள். குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், தூண்டுதல் இல்லாமல் இரண்டு வலிப்பாவது வர வேண்டும், வயது பொருந்த வேண்டும், நடுவில் நாய் சாதாரணமாக இருக்க வேண்டும், ரத்தமும் சிறுநீரும் சரியாக இருக்க வேண்டும். ஒருமுறை வந்து வாழ்நாளில் மறுபடி வராத நாய்களும் உண்டு. தினசரி மாத்திரையைப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை வந்தால், அல்லது ஒரே நாளில் அடுக்கடுக்காக வந்தால், அல்லது ஐந்து நிமிடம் தாண்டினால் ஆரம்பிப்பார்கள். ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மாத்திரையை ஆரம்பித்தால் பசியும் தாகமும் கூடும், சில வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவும், அவ்வப்போது கல்லீரலும் பார்க்க வேண்டும், நம் இஷ்டத்துக்குச் சட்டென நிறுத்தக் கூடாது. இந்த முன்கூட்டிய கவலை எல்லாம் இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியும். மறுபடி வந்தால் முதலில் மணி பாருங்கள். பதறும்போது ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், "அரை மணி நேரம் வலிப்பு" என்று வந்தவர்கள் பலரின் காணொளியில் இரண்டு நிமிடம்தான் இருக்கும். ஒருவர் முழு உடம்பும் தெரியப் படம் எடுக்கட்டும், கண்ணையும் முகத்தையும் கொஞ்சம் கிட்டே, நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முதலில் எந்தப் பக்கம் துடித்தது, முகமா காலா என்பது மருத்துவருக்குத் தங்கம். முடிந்த பிறகு தெளிய எடுத்த நேரத்தையும் எழுதுங்கள், கடைசியாக என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு என்பதையும்.

கையில் சாவிக்கொத்தை வைப்பது, வெங்காயம் முகர வைப்பது எல்லாம் வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் பாசத்தில் செய்வது, ஆனால் இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் கிடையாது. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில்தான் நின்றிருக்கும், பெயர் சாவிக்குப் போகும். வாய்க்குள் விரல் விடவே கூடாது, நாய் நாக்கை விழுங்காது, விரலைத்தான் கடிக்கும். சோபா முனை, படிக்கட்டு பக்கம் மோதாமல் தள்ளிவிட்டு, டிவியை அணைத்து, விளக்கைக் குறைத்து, காற்றாடியைப் போடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது வந்தால், அல்லது இரண்டு வலிப்புக்கு நடுவில் நினைவே திரும்பாவிட்டால், இரவு எத்தனை மணியானாலும் 24 மணி நேர மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எம்ஆர்டி ரயிலில் ஏற்ற மாட்டார்கள், சாதாரணக் கிராப் வாடகைக் கார் ஓட்டுநர் மறுக்கலாம். அதனால் செல்லப்பிராணிகளை ஏற்றும் கிராப்பெட் வசதியையோ நடுஇரவில் கார் எடுத்து வரும் ஒரு நண்பரையோ இப்போதே யோசித்து வையுங்கள். கிளம்பும்போதே தொலைபேசியில் சொல்லிவிட்டால் ஊசியோடு தயாராக இருப்பார்கள். தின்றது எதுவோ என்று சந்தேகம் இருந்தால் அதன் பொட்டலத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

கடைசியாக மலாக்கா. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்து, அதற்குள் எதுவும் வராமல், மறுபரிசோதனையும் பித்த அமிலமும் சரியாக வந்தால் தாராளமாகப் போகலாம். விடுதி என்றால் இரவில் ஆள் தங்கும் இடமா என்று கேளுங்கள். பல இடங்களில் ராத்திரி ஒரு கேமரா மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கும், உங்கள் நாய்க்கு வலிப்பு வந்ததோ இரவு 11 மணிக்கு. லட்டுவுக்குப் பழகிய ஒரு சொந்தக்காரர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்குவது என் கண்ணுக்கு இன்னும் நல்லது. வலிப்பு வந்தால் ஆசனவாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ கொடுக்கும் அவசர மருந்து லட்டுவுக்குத் தேவையா என்று போகும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு வலிப்புக்கு வேண்டாம் என்று அவர் சொல்லவும் கூடும். அவன் எடை, கடைசி வலிப்பு நாள், தின்னும் மருந்துகள், உங்கள் மருத்துவரின் எண், 24 மணி நேர மருத்துவமனையின் எண், உங்கள் மலேசிய எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். செலவுக்கு எத்தனை வெள்ளி வரை உங்களைக் கேட்காமலே சரி என்று சொல்லலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். நள்ளிரவில் நீங்கள் தொலைபேசியை எடுக்காவிட்டால் அவசர சிகிச்சைக்கு யாரும் தயங்கி நிற்க வேண்டியிருக்காது.